பழைய வானின் கதவுக் கேபிளைப் பழுதுபார்த்தல்

வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளைப் பகுதிகளில் விளையும் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா ஆகியன கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தையும், அதற்கப்பால் தம்புள்ளை, கொழும்புச் சந்தைகளையும் லொறிகளில் சென்றடைகின்றன. ஆயினும் வயல் வரம்பிலிருந்து பெருந்தெரு வரையும், அங்கிருந்து வாரச் சந்தை வரையும் அவற்றைச் சுமப்பவை பெரும்பாலும் பழைய வான்களே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு இருந்த தடை 2025 பெப்ரவரியில் நீங்கியபோதிலும், வரியும் விலையும் சேர்ந்து புதிய வானைச் சாதாரணக் கமக்காரருக்கு எட்டாத பொருளாக்கிவிட்டன. ஆகவே இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட டொயோட்டா ஹைஏஸ், டவுன்ஏஸ், நிசான் வெனட் போன்ற வான்களே இன்றும் ஊவா மலைகளில் ஏறி இறங்குகின்றன.

இவ்வான்களின் இயந்திரத்தைக் கவனிப்போர் கதவைக் கவனிப்பது அரிது. கைபிடியை இழுத்தால் கதவு திறப்பதில்லை. உள்ளே கேபிள் அறுந்துவிட்டது. அன்று சந்தை நாள், பழுதுபார்க்க நேரமில்லை. சாரதி வெளியே இறங்கி வந்து கதவைத் திறந்து விடுகிறார்; அல்லது கும்பாக் கயிறு ஒன்றினால் கதவு கட்டப்படுகிறது. இவ்வாறு ஒரு நாளைக்கென்று செய்த ஏற்பாடு ஒரு போகம் முழுவதும் நீடிக்கிறது.

சுமை மட்டும் ஏற்றும் வானாயின் இதனால் வருவது தாமதமும் எரிச்சலுமே. ஆனால் காலையில் அதே வானில், சாக்குகளின் மேல், போஞ்சி ஆயவும் கிழங்கு கிண்டவும் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து பெண்கள் அழைத்து வரப்படுகிறார்கள். மழை நாளில் வண்டி வழுக்கிக் கானுக்குள் சரிந்தாலோ, இயந்திரத்திலிருந்து புகை எழுந்தாலோ, உள்ளிருப்போர் தாமே திறந்து வெளிவரக் கூடிய கதவு ஒன்று இருந்தாக வேண்டும். வெளிக் கைபிடி வேலை செய்கிறது என்பது அப்போது அவர்களுக்கு எவ்வகையிலும் உதவாது. எனவே உட்கைபிடி வேலை செய்யாத வானில், அது சீராகும் வரை, பின்புறம் ஆட்களை ஏற்றலாகாது. இப்பழுதை வீட்டு முற்றத்திலேயே அரை நாளில் நீக்கலாம்.

கேபிள் வேலை செய்யும் விதம்

கதவின் ஓரத்தில் உள்ள பூட்டில் இரும்பு நாக்கு ஒன்று உண்டு. கதவு சாத்தப்படும்போது அது சட்டத்தில் உள்ள கொளுவியைப் பற்றிக் கொள்கிறது. கைபிடியை இழுக்கையில் அந்த நாக்கு விடுபட வேண்டும். கைபிடிக்கும் பூட்டுக்கும் இடையே சில வான்களில் நேரான கம்பித் தண்டும், சிலவற்றில் கேபிளும், சிலவற்றில் இரண்டும் கலந்தும் அமைந்திருக்கும். எது உள்ளதென்பதை உட்புற மறைப்புப் பலகையைக் கழற்றிப் பார்த்தே அறியலாம்.

கேபிள் என்பது இரு பகுதிகளால் ஆனது. பல மெல்லிய உருக்கு இழைகளை முறுக்கிச் செய்த உட்கம்பி ஒன்று. அது வழுக்கி ஓடுவதற்கான உறை மற்றொன்று. உறையின் இரு முனைகளும் அசையாதவாறு தாங்கிகளில் இறுக்கப்பட்டிருக்கும். உட்கம்பியின் முனைகளில் ஈயத்தையோ நாகத்தையோ வார்த்த சிறு குமிழ்கள் இருக்கும். இவ்வமைப்புக்கு 1896இல் காப்புரிமை பெற்றவர் இலண்டனில் வாழ்ந்த ஏர்னஸ்ட் மொனிங்டன் பௌடன் என்பவர். சைக்கிள் பிறேக் கம்பியும் இதே இனத்தைச் சேர்ந்தது. ஆகவேதான் பட்டணத்துக் கடையில் வானுக்குரிய கேபிள் கிடைக்காதபோது, ஊர்ச் சைக்கிள் கடை கைகொடுக்கிறது.

இங்கே ஒன்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். உட்கம்பியின் நீளம் மட்டும் முக்கியமன்று. உறையின் நீளத்துக்கும் உட்கம்பியின் நீளத்துக்கும் உள்ள வேறுபாடே கைபிடியின் இழுவையைத் தீர்மானிக்கிறது. உறை ஒரு சென்ரிமீற்றர் குறைந்தால், கம்பி ஒரு சென்ரிமீற்றர் தொய்ந்துவிடும். கைபிடியை முற்றாக இழுத்தாலும் நாக்கு விடுபடாது. உறையின் முனையில் உள்ள பிளாத்திக்குக் கௌவி உடைந்து, உறை தாங்கியை விட்டு நழுவினாலும் இதே விளைவுதான். கேபிள் அறுந்துவிட்டதென்று எண்ணிக் கழற்றும் கதவுகளுட் சிலவற்றில் உண்மையில் அறுந்தது எதுவுமில்லை, கௌவியே உடைந்திருக்கும்.

அறுவதற்குரிய காரணங்கள்

நல்ல நிலையிலுள்ள கேபிளுக்குக் கதவைத் திறப்பது பெரும் பளுவன்று. அது அறுகிறதெனின் அதைக் கெடுத்தது வேறொன்று. அக்காரணத்தை நீக்காமல் புதிய கேபிளைப் பூட்டுவது, வேரழுகல் கண்ட பாத்தியிலேயே மீண்டும் நாற்று நடுவதை ஒக்கும்.

மரக்கறி ஏற்றும் வான்களில் முதற் காரணம் மண். பெரும்போக நெல்லுக்குப் பின் அதே வயல்களில் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கு செய்யும் வெலிமடைப் பக்கத்தில், கிழங்கோடு களிமண்ணும் வண்டிக்குள் வருகிறது. தாழ்நாட்டில், மகியங்கனைப் பக்கத்தில், நெல் மூடைகளிலிருந்து பதரும் தூசும் உதிர்கின்றன. இவை தள்ளுகதவின் கீழ்த் தண்டவாளத்தில் நிறைந்து இறுகுகின்றன. உருளைகள் ஓட மறுக்கின்றன. அப்போது மனிதர் செய்வது யாது? கைபிடியைப் பற்றி, அதனாலேயே முழுக் கதவையும் இழுக்கிறார்கள். நாக்கை விடுவிக்க மட்டும் அமைந்த மெல்லிய கம்பி கதவின் பாரம் முழுவதையும் இழுக்க நேர்கிறது. தள்ளுகதவுக் கேபிள்கள் விரைவில் அறுவதற்கு இதுவே பெருங்காரணம்.

இரண்டாவது காரணம் பசளை. யூரியா காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். எம்.ஓ.பி. என வழங்கும் பொட்டாசுப் பசளை, கறியுப்பைப் போன்று குளோரைட்டு உப்பாகும். ஈரம் சேர்ந்தால் இரும்பை அரிக்கும். கிழிந்த மூடையிலிருந்து சிந்தும் பசளை கதவின் அடிவிளிம்பில் தங்குகிறது. ஒக்ரோபரில் மழை தொடங்கியதும் அது கரைந்து, பூட்டுக்குள்ளும் கேபிள் உறையின் வாய்க்குள்ளும் ஊறுகிறது. கழுவிய லீக்ஸ், கரட் மூடைகளிலிருந்து வடியும் நீரும் அங்கேயே சேர்கிறது. கதவின் அடியில் நீர் வெளியேறுவதற்கென்று சிறு துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டால் கதவின் உட்புறம் ஒரு தொட்டியாகிவிடும். உட்கம்பியின் இழைகள் குமிழுக்கு அருகே, வளைவு கூடிய இடத்தில், ஒவ்வொன்றாகத் துருவேறி அறுகின்றன. கடைசி இழை அறும் நாளிலேயே கமக்காரர் அதை அறிகிறார்.

மூன்றாவது, பூட்டு இறுகிப்போதல். இதற்கு மருந்தென்று பலர் தேங்காயெண்ணெய் இடுவர். கரையோரத்தில் அதனால் உடனடிக் கேடு தோன்றாமலிருக்கலாம். ஆனால் தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை சென்ரிகிறேட்டுக்குக் கீழே உறையும். வெலிமடையிலும் ஹப்புத்தளையிலும் காலைக் குளிரில் போத்தலில் கட்டியாகும் எண்ணெய், பூட்டுக்குள்ளும் கட்டியாகவே செய்யும். நாட்பட அது பிசினாகித் தூசையும் பிடித்து வைக்கும். கழிவு எஞ்சின் எண்ணெயும் ஏற்றதன்று. அதிலுள்ள அழுக்கு தேய்மானத்தைக் கூட்டும்.

பழுதை இனங்காணல்

திருப்புளியைக் கையில் எடுக்கு முன் கைபிடியை மெல்ல இழுத்துப் பார்த்தல் வேண்டும். எதிர்ப்பின்றித் தளர்வாக வருமாயின், கேபிள் அறுந்தோ நழுவியோ உள்ளது. கல்லைப் போல் அசையாதிருந்தால், கேபிளை அன்றிப் பூட்டையே முதலில் ஐயுற வேண்டும். பலங்கொண்டு இழுத்தால் நல்ல கேபிளும் அறும். வெளிக் கைபிடி திறந்து உட்கைபிடி மட்டும் திறக்காதெனில், கதவின் ஓரத்திலுள்ள சிறு நெம்பைப் பார்க்கவும். பிள்ளைகள் உள்ளிருந்து திறவாதபடி அமைத்த தடை அது. சாக்கு உராய்ந்து அது தானே மாறிவிடுவதுண்டு. அதனை மாற்றியதும் கதவு திறந்தால் வேறு வேலை எதுவும் இல்லை.

தள்ளுகதவில் இன்னொரு நுட்பம் உண்டு. பல வான்களில் அதற்கு முன்னும் பின்னுமாக இரு பூட்டுகள் இருக்கும். ஒரு கைபிடி இரண்டையும் இயக்கும். கதவு ஒரு முனையில் விடுபட்டு மறு முனையில் பற்றி நின்றால், விடுபடாத பக்கத்துக் கேபிளோ தண்டோதான் கெட்டிருக்கிறது.

கழற்றுதல்

வானைச் சமதரையில் நிறுத்தி, கண்ணாடியை முழுவதும் உயர்த்துக. கண்ணாடியோ பூட்டோ மின்சாரத்தால் இயங்குவதாயின் பற்றரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைக்கவும். கதவு சாத்திய நிலையில் சிக்கியிருப்பின், வேறு கதவால் உள்ளே சென்று, எட்டக்கூடிய திருகாணிகளை நீக்கிப் பலகையைச் சிறிது விலக்கி, பூட்டுப் பக்கத்து உட்கம்பியைக் குறட்டால் பிடித்து இழுத்துக் கதவைத் திறந்துகொள்ள வேண்டும். பலகையை உடைத்துத் திறப்பது அவசரப்படுவோர் செயல். பழைய வானுக்கு அப்பலகை மீண்டும் கிடைப்பது கேபிள் கிடைப்பதிலும் கடினம்.

உட்கைபிடியைச் சுற்றியுள்ள கிண்ணத்திலும், கை வைக்கும் தாங்கியிலும் திருகாணிகள் மறைந்திருக்கும். கண்ணாடி சுழற்றும் கைபிடி பெரும்பாலும் ஒரு சிறு கம்பி வளையத்தால் பிடிக்கப்பட்டிருக்கும். அதன் பின்னால் ஒரு துணிக் கீற்றைச் செலுத்தி, இரு கைகளாலும் வாள் இழுப்பது போல் மாறி மாறி இழுத்தால் வளையம் கழன்று வரும். அது தெறித்துப் புல்லில் விழுந்தால் அரை நாளும் தேடலிலேயே போகும். கீழே சாக்கு ஒன்றை விரித்துக் கொள்வது நன்று. பின்னர், துணி சுற்றிய தட்டையான திருப்புளியால் ஓரத்துக் கொளுவிகளை ஒவ்வொன்றாக நெம்பிப் பலகையை எடுக்கலாம்.

பலகைக்குப் பின்னுள்ள பிளாத்திக்குத் தாளைக் கிழிக்கலாகாது. கதவுக்குள் இறங்கும் மழைநீர் வண்டிக்குள் வாராமல் தடுப்பது அதுவே. ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்து, மீண்டும் ஒட்டுவதற்காக விட்டு வைக்கவும். கேபிளை எடுக்கு முன் அது செல்லும் வழியைக் கைத்தொலைபேசியால் படம் பிடித்துக் கொண்டால், திரும்பப் பூட்டும்போது ஐயம் எழாது. கதவுத் தகட்டின் உள்விளிம்புகள் கத்தி போன்று கூரியவை. தடித்த நீள்கைச் சட்டை அணிந்து கையை உள்ளே விடுக.

கேபிளை மாற்றுதல்

முதல் வழி, அதே வானுக்குரிய கேபிளை வாங்கிப் பூட்டுவது. அறுந்ததையும் உடன் கொண்டு சென்று, நீளத்தையும் முனைகளையும் ஒப்பிட்டு வாங்க வேண்டும். முன்கதவுக்கும் தள்ளுகதவுக்கும் உரியவை வேறு. பழைய உதிரிப்பாகக் கடைகளில் பூட்டோடு சேர்த்தே கேபிள் கிடைக்குமாயின், பூட்டும் தேய்ந்திருப்போர் அதையே வாங்குதல் சிக்கனம்.

அது கிடையாவிடின், உறை நல்ல நிலையில் இருக்கும் பட்சத்தில், உட்கம்பியை மட்டும் மாற்றலாம். சைக்கிள் பிறேக்கின் உட்கம்பி ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புடையது. பெரும்பாலான கதவுகளுக்கு அது போதும். பழைய கம்பி அதனிலும் தடித்ததாயின் மோட்டார் சைக்கிள் கிளச் கம்பியைப் பார்க்கவும். எதுவாயினும் உறைக்குள் தடையின்றி ஓட வேண்டும். வேலி கட்டும் ஒற்றைக் கட்டுக்கம்பியை இதற்குப் பாவிப்பது பெரும் பிழை. ஒற்றைக் கம்பி வளைந்து வளைந்து களைத்துச் சில வாரங்களில் முறியும்; பல இழைக் கம்பி அவ்வாறு முறிவதில்லை.

பழைய உட்கம்பியை நீக்குமுன் உறைக்கு வெளியே தெரிந்த நீளத்தைக் குமிழ் முதல் குமிழ் வரை அளந்து குறித்துக் கொள்ளவும். சைக்கிள் கம்பியின் ஒரு முனையில் குமிழ் ஏற்கெனவே உண்டு. கைபிடியின் குழிக்குப் பொருந்துமாறு அதனை அரத்தால் அராவிக் கொள்ளலாம். மறு முனைக்குக் குமிழ் செய்ய வேண்டும். வெட்டுமிடத்தில் முதலில் ஈயம் பற்றவைத்து, பின்னர் வெட்டினால் இழைகள் பிரியா. துருப்பிடியா உருக்குக் கம்பியில் சாதாரண ஈயம் பற்றாது. நாகம் பூசிய கம்பியையே கேட்டு வாங்கவும். ஒரு சிறு பித்தளைக் குழாய்த் துண்டைக் கம்பியில் கோத்து, அதற்கு வெளியே இழைகளைக் குஞ்சம் போல் விரித்து, குஞ்சம் குழாய்க்குள் அமரும்படி இழுத்து ஈயத்தை உருக்கி நிரப்புவது உறுதியான முறை. ஈயம் காய்ச்ச வசதியற்றோர், மின்கம்பிகளை இணைக்கும் பித்தளைத் திருகாணிக் குமிழைப் பாவிக்கலாம். ஆயின் திருகாணியின் நுனி இழைகளை நறுக்கக் கூடும். அதனால் கம்பியை மடித்து இரட்டையாக நுழைத்து இறுக்கவும். மிகையாக இறுக்குவோர் தாமே கம்பியை அறுப்பவராவர்.

செய்த குமிழ் தாங்குமா என்பதைக் கதவில் சோதிக்க வேண்டியதில்லை. கம்பியை மரக்கிளையில் மாட்டி, பத்து லீற்றர் நீர் நிறைந்த இரு வாளிகளை அதிற் தொங்கவிட்டுச் சிறிது நேரம் பார்க்கவும். இருபது கிலோ பாரத்துக்கு நழுவாத குமிழ் கைபிடிக்கும் நழுவாது. மெல்லிய எண்ணெய் சில துளிகளை உறைக்குள் விட்டுக் கம்பியைச் செலுத்துக. தடித்த கிறீஸ் உறைக்குள் வேண்டாம்.

புதுக் கேபிளைப் பூட்டுமுன் பூட்டைச் சுத்தம் செய்தல் வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பற்றூரிகையால் நாக்கையும் சுருள்வில்லையும் தேய்த்து, துணியால் ஒற்றி, உலர்ந்தபின் சிறிது கிறீஸ் பூசுக. கையால் நாக்கைத் தள்ளி விடுவிக்கையில் அது துள்ளித் திரும்ப வேண்டும். சோம்பித் திரும்பும் பூட்டுக்கு எந்தக் கேபிளும் நெடுங்காலம் உழைக்காது.

கதவைச் சாத்துமுன் செய்யும் சோதனை

பலரும் தவறுவது இவ்விடத்திலேயே. கேபிளைப் பூட்டிய மகிழ்ச்சியில் கதவைச் சாத்திப் பார்க்கிறார்கள். அது திறவாமற்போய், தொடங்கிய இடத்துக்கே வருகிறார்கள். சோதனை யாவும் கதவு திறந்திருக்கும்போதே நடைபெற வேண்டும். திருப்புளியால் பூட்டின் நாக்கைத் தள்ளினால் இரு முறை ‘டக்’ என்று கேட்கும். முதலாவது பாதிப் பிடி. இரண்டாவது முழுப் பிடி. இப்போது உட்கைபிடியை இழுத்தால் நாக்கு உடனே விடுபட வேண்டும். பின்னர் வெளிக் கைபிடியாலும் அவ்வாறே. பத்து முறையாவது மாறி மாறிச் செய்து பார்க்கவும். ஒவ்வொரு முறையும் இறுதியில் நாக்கு விடுபட்ட நிலையில் உள்ளதா என்று நோக்குக. நாக்கு மூடியிருக்கையில் கதவை அறைந்து சாத்தினால் பூட்டும் கொளுவியும் மோதி நசுங்கும்.

கைபிடியில் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் தளர்வு இருத்தல் நன்று. தளர்வு கூடினால் நாக்கு விடுபடாது என்பது எளிதில் தெரியும். தளர்வே இல்லாமல் இழுத்துப் பூட்டினால் நேரும் கேடு வெளியே தெரியாது. கம்பி நாக்கின் தடையை எப்போதும் சிறிது இழுத்தபடி இருக்கும். கதவு சாத்தியது போல் தோன்றிப் பாதிப் பிடியில் மட்டும் நிற்கும். பெரகலையிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறும் வளைவுகளிலோ, எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வளைவுகளிலோ, அத்தகைய கதவு சாக்குகளின் சாய்வினாலேயே திறந்துவிடும். திறவாத கதவைவிடத் தானே திறக்கும் கதவு கொடியது. முழுப் பிடிக்கு வர மறுக்கும் பூட்டு, நாக்குத் தேய்ந்த பூட்டு, சுருள்வில் முறிந்த பூட்டு ஆகியவற்றை வீட்டில் திருத்த முனையாது மாற்றிவிடுதலே தக்கது.

கண்ணாடியை ஒரு முறை இறக்கி ஏற்றி, அது கேபிளில் உரசவில்லை என்று கண்டபின், பிளாத்திக்குத் தாளை ஒட்டிப் பலகையைப் பொருத்தலாம். கேபிளின் வளைவுகள் அகலமாக இருக்கட்டும். மடிப்பு விழுந்த உறையில் கம்பி மீண்டும் அங்கேயே அறும்.

வழியில் அறுந்தால்

சந்தைக்குப் போகும் வழியில் கேபிள் அறுந்தால், பலகையை விலக்கி, பூட்டுப் பக்கத்து உட்கம்பியில் ஓர் உறுதியான நைலோன் நூலைக் கட்டி வண்டிக்குள் விட்டுக்கொள்ளலாம். நூலை இழுத்தால் கதவு திறக்கும். இது வீடு திரும்பும் வரைக்குமான ஏற்பாடு. நைலோன் நீளும், முடிச்சு நழுவும். கதவைச் சட்டத்தோடு கயிற்றால் கட்டி ஆட்களை உள்ளே வைத்து ஓட்டுவதை எக்காரணங் கொண்டும் செய்யலாகாது.

பராமரிப்பு

பசளை ஏற்றிய நாளில், இறக்கியதும் முதலில் உலர்ந்த தும்புத்தடியால் கூட்டி, அதன்பின் கதவின் அடிவிளிம்பையும் தண்டவாளத்தையும் நிறைய நீரால் கழுவ வேண்டும். கூட்டாமல் கழுவினால் பசளை கரைந்து உள்ளேதான் செல்லும். கதவின் அடித்துளைகளை ஈர்க்கினால் குத்தித் திறந்து விடுக. மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை இதைச் செய்வது போதும். பெரும்போக மழைக்கு முன்னரும், சிறுபோகக் கிழங்கு நடுகைக்கு முன்னரும் பூட்டுகளுக்குப் புதிதாகக் கிறீஸ் இடவும். தள்ளுகதவைத் திறக்கும்போது கைபிடியை நாக்கு விடுபடும் அளவுக்கு மட்டும் இழுத்து, மறு கையால் கதவின் விளிம்பைத் தள்ளும் வழக்கத்தைச் சாரதி மட்டுமன்றி மூடை ஏற்றுவோரும் பழக வேண்டும். சைக்கிள் பிறேக் கம்பி ஒன்றும், பித்தளைத் திருகாணிக் குமிழ் இரண்டும், சிறிய குறடு ஒன்றும் எண்ணெய்த் துணியில் சுற்றிச் சாரதியின் ஆசனத்தின் கீழ் இருக்கட்டும்.